ஒய் மேலா, இசட் மேலா? கெடிலம் எந்தக் கைப்பக்கம்?

2024 ஜூன் 2, இரவு 9.50 (மஞ்சக்குப்பத்தில் இருந்து ஒரு மாணவர் கேட்டது)

அண்ணே, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இருந்து சில்வர் பீச் வரைக்கும் உள்ள சாலையை பிளெண்டர் என்கிற முப்பரிமாண மாடலிங் மென்பொருளில் செய்திருக்கிறேன். வீடுகள், மரங்கள், கெடிலம் ஆற்றங்கரை எல்லாம் இருக்கிறது. பிரவுசரில் நடந்து பார்க்கிற மாதிரி த்ரீ.ஜேஎஸ் (பிரவுசரில் முப்பரிமாணம் காட்டும் நிரல் தொகுப்பு) வழியாகக் கொண்டுவர வேண்டும். புள்ளிகளின் எக்ஸ், ஒய், இசட் எண்களை எடுத்து எழுத நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் தடவை தரை சுவர் மாதிரி எழுந்து நின்றது. வீடுகள் அதில் ஆணி அடித்ததுபோல் என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒய்யையும் இசட்டையும் இடம் மாற்றினேன், ஊர் நிமிர்ந்துவிட்டது. ஆனால் வெளியில் நின்று பார்த்தால் சுவர் இல்லை, வீட்டின் உள்பக்கம் தெரிகிறது. ஃபேஸின், அதாவது சுவரை ஆக்கும் தட்டைத் துண்டின், இரண்டு பக்கமும் தெரியும்படி மாற்றினேன். சுவர் வந்தது, ஆனால் காலை வெயில் படவேண்டிய கிழக்குச் சுவர் இருட்டாக இருக்கிறது. எதுதான் சரி, ஒய் மேலா, இசட் மேலா? எல்லாரும் சேர்ந்து ஏன் ஒன்றை முடிவு செய்யவில்லை?

2024 ஜூன் 2, இரவு 11.15

தம்பி, பதிலுக்கு முன்னால் ஒன்று பாருங்கள். மாடலுக்குள் மைதானத்தில் நின்று கடலைப் பார்த்து நடங்கள். கெடிலம் எந்தக் கைப்பக்கம் வருகிறது? ஊரில் அது வலக்கைப் பக்கம். மாடலில் இடக்கைப் பக்கம் வந்தால் கோளாறு சுவரில் இல்லை. உங்கள் ஊர் கண்ணாடியில் தெரிகிற ஊராகிவிட்டது.

2024 ஜூன் 3, காலை 6.40

இடப்பக்கம்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடல் எதிரே சரியாக இருப்பதால் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை என்றும் சொல்கிறீர்கள். படாதுதான். கிழக்கு கிழக்காகவே இருந்து, வடக்கும் தெற்கும் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

நடந்தது இதுதான். வலக்கையை நீட்டுங்கள். கட்டைவிரல் எக்ஸ், ஆள்காட்டி விரல் ஒய், நடுவிரல் இசட். மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும். பிளெண்டரில் கட்டைவிரல் கிழக்கு, ஆள்காட்டி விரல் வடக்கு, நடுவிரல் வானம். இப்போது அதே கையை, விரல்களை மாற்றாமல், ஆள்காட்டி விரல் வானத்தைக் காட்டும்படி திருப்புங்கள். கட்டைவிரல் கிழக்கிலேயே இருக்கட்டும். நடுவிரல் எங்கே போகிறது? தெற்கே. த்ரீ.ஜேஎஸ் இப்படித்தான் இருக்கிறது: ஒய் மேலே, கிழக்கு எக்ஸ் என்றால் இசட் தெற்கு. நீங்கள் வடக்கே இருந்த தூரத்தை அப்படியே இசட்டில் போட்டுவிட்டீர்கள். வடக்கு முழுக்கத் தெற்கே போய்விட்டது.

ஆக, (எக்ஸ், ஒய், இசட்) என்பதை (எக்ஸ், இசட், ஒய்) என்று எழுதக் கூடாது. (எக்ஸ், இசட், மைனஸ் ஒய்) என்று எழுத வேண்டும். மைனஸ் இருந்தால் அது திருப்புதல். இல்லாவிட்டால் அது கண்ணாடி. இரண்டும் வேறு வேறு செயல். வலம்புரிச் சங்கை எவ்வளவு திருப்பினாலும் இடம்புரி ஆகாது. கண்ணாடியில் காட்டினால் உடனே ஆகிவிடும்.

சுவர் மறைந்ததும் இதனால்தான். மாடலில் சுவர் எல்லாம் முக்கோணங்களால் ஆனது. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளை எந்தச் சுற்றில் எழுதியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் அதன் வெளிப்பக்கம் முடிவாகிறது. கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் எழுதினால் வெளிப்பக்கம் என்று பிளெண்டரும் த்ரீ.ஜேஎஸ்ஸும் வைத்திருக்கின்றன. கண்ணாடியில் சுற்று தலைகீழாகிவிடும். அதனால் வெளிப்பக்கம் எல்லாம் உள்பக்கமாகி, த்ரீ.ஜேஎஸ் அந்தப் பக்கத்தை வரையாமல் விட்டுவிடுகிறது. இரண்டு பக்கமும் வரையச் சொன்னபோது, பின்பக்கம் என்று அது நினைக்கிற ஃபேஸின் நார்மலை (அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் அம்பை) அது தானே திருப்பிக்கொள்கிறது. வெயில் எதிர்ப்பக்கம் போனதற்கு அதுதான் காரணம். அந்த மாற்றத்தை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு மைனஸ் போதும். நார்மலுக்கும் அதே மாற்றத்தைச் செய்ய மறக்க வேண்டாம்.

2024 ஜூன் 3, மதியம் 1.20

அவசரத்தில் முக்கியமான கேள்வியை விட்டுவிட்டேன். ஏன் ஒன்றை முடிவு செய்யவில்லை?

நான் சிவில் ஆபீஸில் வரைவாளராக இருந்து இந்தப் பக்கம் வந்தவன். மேசையில் டிரேசிங் பேப்பர் விரித்து பிளான் வரைபவனுக்கு எக்ஸும் ஒய்யும் தரை. உயரம் பிறகு வருகிற மூன்றாவது விஷயம், அதனால் அது இசட். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், 3டிஎஸ் மேக்ஸ், பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் எல்லாம் இந்த வழி. திரையைப் பார்த்து வேலை தொடங்கியவனுக்கு எக்ஸ் குறுக்கே, ஒய் மேலே. ஆழம்தான் மூன்றாவதாக வந்தது, அதனால் அவனுக்கு இசட் ஆழம். மாயா, ஹூடினி இந்த வழி. ஒருவன் மேலிருந்து பார்க்கிற பிளானில் தொடங்குகிறான், ஒருவன் எதிரே நின்று பார்க்கிற எலிவேஷனில் தொடங்குகிறான். இரண்டு பேருமே தன் மேசைக்கு எது பொருந்தியதோ அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இன்றும் இசட் மேலே போனால்தான் மனசு நிம்மதி. அது பழக்கம். அதைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

2024 ஜூன் 3, இரவு 10.05

மதியம் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "கேம் இன்ஜின் எல்லாம் இடக்கை, மாடலிங் மென்பொருள் எல்லாம் வலக்கை, அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. கேம் இன்ஜின் என்றால் கேம் செய்யப் பயன்படும் மென்பொருள். இடக்கை என்றால் அதே விரல் கணக்கை இடக்கையில் போடுவது. யூனிட்டி இன்ஜின் இடக்கை, ஒய் மேலே. அன்ரியலும் இடக்கை, ஆனால் இசட் மேலே. அதில் எக்ஸ் கிழக்கு என்றால் ஒய் தெற்கே போகும். கோடோ இன்ஜின்தான், ஆனால் வலக்கை, ஒய் மேலே. சினிமா 4டி மாடலிங் மென்பொருள்தான், ஆனால் இடக்கை. ஆக "மேலே எது" என்பது ஒரு கேள்வி, "எந்தக் கை" என்பது இன்னொரு கேள்வி. ஒன்றின் பதிலை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

தம்பி செய்த அதே (எக்ஸ், இசட், ஒய்) மாற்றம் யூனிட்டிக்குப் போகும்போது மிகச் சரி. அங்கே அச்சுகளே இடக்கை என்பதால் கிழக்கு எக்ஸ், வானம் ஒய், வடக்கு இசட் என்று பொருந்திவிடும். முக்கோணச் சுற்றை மட்டும் தலைகீழாக்க வேண்டும், ஏனென்றால் யூனிட்டிக்குக் கடிகாரச் சுற்றுதான் வெளிப்பக்கம். இணையத்தில் யாரோ யூனிட்டிக்கு எழுதிய வரியை எடுத்து த்ரீ.ஜேஎஸ்ஸில் போடுவதுதான் இந்தக் குழப்பத்தின் பாதி. உங்கள் ஸ்கிரிப்ட் அப்படி வந்ததா என்று பாருங்கள்.

2024 ஜூன் 5, இரவு 11.30

என் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

சில வருஷத்துக்கு முன் பாண்டியில் வெள்ளை நகரத்தை நடந்து பார்க்கிற மாதிரி ஒரு வேலை வந்தது. கட்டடங்கள் ஓர் இடத்தில் இருந்து, தரையும் சாலைகளும் இன்னோர் இடத்தில் இருந்து. தரை வந்த ஃபைலில் ஒய்யும் இசட்டும் மைனஸ் இல்லாமல் இடம் மாறியிருந்தன. கட்டடங்கள் பொருந்தவில்லை என்று எங்கள் பையன் ஒருவன் கட்டடங்களுக்கும் அதே மாற்றத்தைச் செய்தான், பொருந்திவிட்டது. சுவர்கள் உள்வெளியாகத் தெரிந்ததும் எல்லா நார்மலையும் பிடித்துத் திருப்பினான், சுவர்களும் சரியாகிவிட்டன. அந்த இரண்டு திருத்தமும் சேர்ந்து ஊர் கண்ணாடியில் இருக்கிறது என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிட்டன. எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான். சுவர் மறைந்தது நமக்கு வந்த எச்சரிக்கை. அதை நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்தோம்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை? அந்த ஊரின் அமைப்பு அப்படி. வீதிகள் நேர்நேராக, ஒன்றை ஒன்று செங்குத்தாக வெட்டிப் போகின்றன. கிழக்கே கடல், மேற்கே பெரிய வாய்க்கால், நடுவே பாரதி பூங்கா, பூங்காவின் நடுவே எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரித் தெரிகிற ஆயி மண்டபம். வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போட்டாலும் கடல் கிழக்கிலேயே இருக்கிறது, வாய்க்கால் மேற்கிலேயே இருக்கிறது. லைட்டிங், மரம், விளக்குக் கம்பம் எல்லாம் முடிந்துவிட்டது.

காட்டுகிற அன்று, அந்த வீதியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மா வந்திருந்தார். சுட்டியைப் பிடிக்கத் தெரியாது, நான் நடத்திக் காட்டினேன். பீச் ரோட்டில் கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு போனோம். கடைசியில் திரும்பியதும் அந்த அம்மா திரையில் விரலை வைத்து, "இங்க ஏன்பா ஸ்டேஷன் வந்துச்சு?" என்றார். கடல் வலப்பக்கம் இருந்தால் வடக்கே போகிறோம். பாண்டி ரயில் நிலையம் தெற்கே, தென் புல்வார் சாலைப் பக்கம் இருக்கிறது. எங்கள் மாடலில் அது வடக்கே நின்றது. நாங்கள் ஐந்து பேர் வாரக்கணக்கில் பார்த்த ஊர். அந்த அம்மாவுக்கு இரண்டு நிமிஷம் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து எந்த ஊர் மாடலையும் அந்த ஊர்க்காரர் ஒருவரை உட்காரவைத்து நடத்திக் காட்டாமல் அனுப்புவதில்லை.

2024 ஜூன் 6, காலை 7.10

"ஊர்க்காரர் கிடைக்காதபோது என்ன செய்வது?" நல்ல கேள்வி. மாடலின் மூலையில் ஓர் எழுத்தை நிறுத்துங்கள். அந்த வெள்ளை நகர வேலைக்குப் பிறகு நான் பாண்டிக்காக "ப" என்று ஒரு மீட்டர் உயரத்தில் செய்து வைத்தேன். இரண்டு வேலைக்கு அது எதையுமே காட்டிக்கொடுக்கவில்லை. ப-வைக் கண்ணாடியில் பார்த்தாலும் ப-தான்! இப்போது "ழ" வைக்கிறேன். ழ திரும்பினால் குழந்தைக்கும் தெரியும். முகம் கிழக்கே பார்க்க, அடி தரையில் பட, கடலோரமாக நிற்கும். ஃபைல் எந்த மென்பொருளுக்குப் போனாலும் முதலில் தேடுவது அதைத்தான். நிற்கிறதா, படுத்திருக்கிறதா, திரும்பியிருக்கிறதா, ஒரு மீட்டர்தான் இருக்கிறதா. நான்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அளவைச் சொல்லக் காரணம் உண்டு. பிளெண்டரில் 1 என்றால் ஒரு மீட்டர், அன்ரியலில் 1 என்றால் ஒரு சென்டிமீட்டர். நடுவில் யாரும் மாற்றாவிட்டால் வீடுகள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். ஓபிஜே என்ற மாடல் ஃபைல் வகையில் எது மேலே, எந்த அளவு என்று எழுதிவைக்க இடமே கிடையாது. ஜிஎல்டிஎஃப் என்ற இன்னொரு வகையில் அந்தத் தலைவலி இல்லை, வடிவமைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்: வலக்கை, ஒய் மேலே, மீட்டர். தம்பி, சொந்த ஸ்கிரிப்டை விட்டுவிட்டு பிளெண்டரில் இருந்து நேரடியாக ஜிஎல்டிஎஃப் எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் உங்கள் வேலை ஐந்து நிமிஷம். ஆனால் ஸ்கிரிப்ட் எழுதியதால்தான் இதெல்லாம் தெரிந்தது, அதனால் அது வீண் இல்லை.

2024 ஜூன் 9, மாலை 5.45

வைகாசி என்பதால் தேர் ஞாபகம் வந்தது. சுற்றும் திசையைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை, ஆனால் அது இன்னும் மோசமாக ஏமாற்றும்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு நண்பருக்காகத் தேரோட்டத்தைச் சின்ன மாதிரியாகச் செய்தேன். நடுவில் ஓர் அச்சு, தேர் அதில் கட்டப்பட்டிருக்கும், கோணத்தை 0-வில் இருந்து 360 வரை கூட்டிக்கொண்டே போனால் கோவிலைச் சுற்றி வரும். வீதி மூலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். யூனிட்டியில் அழகாகச் சுற்றியது. வீடியோவாக ரெண்டர் எடுக்க அதே எண்களை பிளெண்டருக்குக் கொண்டுபோனேன். அனுப்பிய பத்தாவது நிமிஷம் நண்பரின் அப்பா போனில்: "தம்பி, சாமி அப்பிரதட்சிணமா போகுதே!"

மேலே இருந்து பார்த்தால் வலம் வருவது கடிகாரச் சுற்று. வலக்கை அமைப்பில், அச்சின் நுனியில் இருந்து பார்த்தால், கோணம் கூடக் கூடக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. அதாவது பிளெண்டரில் கோவிலை வலம் வருவது மைனஸ் கோணம். இடக்கை அமைப்பில் அதே கூட்டல் கடிகாரச் சுற்று, அதனால் யூனிட்டியில் வலம் வருவது பிளஸ் கோணம். வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டு அனிமேஷனின் கோணங்களை அப்படியே விட்டால், சிற்பம் எல்லாம் சரியாக இருக்கும், தேர் மட்டும் எதிரே போகும். அந்தப் பெரியவருக்கு உடனே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், அன்று இரவே மாற்றி அனுப்பினேன்.

2024 ஜூன் 10, காலை 8.00

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஒருவர் யூனிட்டியில் கோஸ், சைன் வைத்துத் தேரின் இடத்தைக் கணக்கிட்டு, கோணத்தைக் கூட்டினால் எதிர்ச்சுற்றில் போகிறது என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. எக்ஸில் கோஸ், இசட்டில் சைன் என்று போட்டால் புள்ளி கிழக்கில் தொடங்கி வடக்குப் பக்கம் போகும், அது அப்பிரதட்சிணம். நான் சொன்னது பொருளைத் திருப்புகிற கோணம். இரண்டையும் "கோணம்" என்றே சொன்னது என் தவறு. யூனிட்டியில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். தேரின் இடத்தை சைன் கோஸில் நகர்த்தி, தேரின் முகத்தைச் சுழற்சியில் திருப்பினால், ஒன்றில் மைனஸ் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தேர் ஒரு பக்கம் போகும், குதிரைகள் வேறு பக்கம் பார்க்கும்.

2024 ஜூன் 14, இரவு 10.20

நில அளவை எண்களைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது தனி உலகம்.

சர்வேயர் தருகிற எண்கள் பெரும்பாலும் யூடிஎம்மில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) இருக்கும். பாண்டியும் கடலூரும் 44-வது வடக்கு மண்டலத்தில் வருகின்றன. பாண்டிக்கு கிழக்கு எண் 3 லட்சத்து 70 ஆயிரம் மீட்டருக்கு மேல், வடக்கு எண் 13 லட்சம் மீட்டருக்கு மேல். ஆட்டோகேடுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டு பொதுவாக 32 பிட் எண்ணில் கணக்குப் போடுகிறது. அதில் முக்கியமான இலக்கங்களுக்கு 24 பிட்தான் இடம். 13 லட்சம் என்ற அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி. 3 லட்சத்து 70 ஆயிரத்தில் அது 3 சென்டிமீட்டர் சொச்சம்.

நாலரை இஞ்ச் சுவர் 11.4 சென்டிமீட்டர். வடக்குத் தெற்காகத் தடிமன் உள்ள சுவருக்கு அந்த வித்தியாசத்தை எழுதவே இடமில்லை. முதல் தடவை அப்படியே ஏற்றியபோது பல சுவர்கள் 12.5-ஆகப் பருத்திருந்தன. சில இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் ஒட்டி, சுவர் தாள்போல் ஆகிவிட்டது. ஜன்னல் கம்பிகளைக் கேட்கவே வேண்டாம். கேமராவை நகர்த்தினால் எல்லாம் நடுங்கியது. அப்போது கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றக் கொடுத்துவிட்டேன்.

வழி எளிது. மாடலின் நடுவில் ஓர் இடத்தைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு, எல்லாப் புள்ளியில் இருந்தும் அந்த எண்ணைக் கழித்துவிட வேண்டும். இந்தக் கழித்தல் 64 பிட்டில் நடக்க வேண்டும், அதாவது கார்டுக்குப் போகும் முன்னாலேயே. கழித்த எண்ணை ஃபைலோடு சேர்த்து எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பக்கத்துத் தெருவைச் சேர்க்கச் சொல்வார்கள்.

2024 ஜூன் 15, காலை 9.30

மேலே எழுதியதோடு தொடர்புடையது. மேப்பில் இருந்து எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகையில் எது முதலில் என்பதிலும் இதே சண்டை. பேசும்போது அட்சரேகை முதலில் சொல்வோம்: பாண்டி 11.93 வடக்கு, 79.83 கிழக்கு. 2016-இல் வந்த ஜியோஜேசன் என்ற வரைபட ஃபைல் தரத்தில் தீர்க்கரேகைதான் முதலில், எக்ஸ் போல. கேஎம்எல் என்ற இன்னொரு வரைபட ஃபைல் வகையும் அப்படித்தான்.

மாற்றிப் போட்டால் எங்கே போவோம் தெரியுமா? 79.83 வடக்கு, 11.93 கிழக்கு என்பது நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு வடக்கு ஓரம், ஆர்க்டிக் கடல் பக்கம். அங்கே நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது, 2008-இல் தொடங்கியது. அதன் தீர்க்கரேகை கிட்டத்தட்ட நம் பாண்டியின் அட்சரேகை எண்ணேதான். பாண்டியை மாற்றிப் போட்ட புள்ளி அந்த நிலையத்துக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் விழுகிறது. கடலூரும் அங்கேதான் போய் விழும். இதைப் பார்த்தபிறகு எனக்கு வரிசை மறந்ததே இல்லை.

2024 ஜூன் 21, இரவு 9.15

திரையின் மூலைக்கு வருவோம். "பூஜ்ஜியம் ஏன் இடது மேல் மூலையில்? கணக்குப் புத்தகத்தில் கீழே அல்லவா இருக்கிறது?" பழைய பிக்சர் டியூப் திரையில் கதிர் இடது மேல் மூலையில் தொடங்கி வரி வரியாகக் கீழே வரும். நினைவகத்திலும் படம் அதே வரிசையில் இருந்தது. அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. பிரவுசரில் படம் வரைகிற எச்டிஎம்எல் கேன்வாஸ், எஸ்விஜி எல்லாம் அப்படித்தான். அச்சுத் தாளை நினைத்து வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் பிடிஎஃப்பும் இடது கீழ் மூலையில் தொடங்குகின்றன. ஒரு தடவை வரைபடத் தாளில் டைட்டில் பிளாக்கை, அதாவது தாளின் கீழே வரவேண்டிய விவரக் கட்டத்தை, நிரலில் இருந்து எழுதி, எல்லாத் தாளிலும் அது உச்சியில் போய் உட்கார்ந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை தருகிற ஓபன்ஜிஎல்லில் ஒய் மேலே. அதே வேலைக்கு 2016-இல் வந்த வல்கனில் ஒய் கீழே. ஆழத்தை ஓபன்ஜிஎல் வழக்கமாக மைனஸ் 1-இல் இருந்து 1 வரை வைக்கிறது, அதே வகையைச் சேர்ந்த டைரக்ட்3டியும் வல்கனும் 0-வில் இருந்து 1 வரை.

இதைவிடச் சுவையானது புள்ளியின் இடம். கேன்வாஸில் எக்ஸ் 10 என்ற இடத்தில் ஒரு பிக்சல் அகலத்தில் செங்குத்துக் கோடு போட்டுப் பாருங்கள். கூர்மையாக வராது, இரண்டு பிக்சல் அகலத்தில் மங்கலாக வரும். ஏனென்றால் 10 என்பது இரண்டு கட்டங்களுக்கு நடுவில் உள்ள எல்லை. கட்டத்தின் மையம் 10.5.

மார்கழியில் அம்மா கோலம் போடும்போது பார்த்தது உதவியது. புள்ளிகளை இணைத்துப் போடுகிற கோலத்தில் கோடு புள்ளிமேலேயே போகும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகும், ஒவ்வொரு புள்ளியும் தன் கட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். பிக்சல் சிக்குக் கோலத்தின் புள்ளி. டைரக்ட்3டி 9 வரை அதில் பிக்சலின் மையம் முழு எண்ணில் இருந்தது, 10-இல் இருந்து அரையில். அந்த மாற்றத்தின்போது எத்தனை பட்டன்கள் மங்கலாகின என்று அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

2024 ஜூன் 23, மாலை 4.00

நார்மல் மேப் (மேடுபள்ளத்தை நிறங்களில் எழுதிவைக்கும் படம்) பற்றிச் சுருக்கமாக. வைசியாள் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் கதவு. தேக்கு, நிலையில் வரிசையாகத் தாமரைப் பூக்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. புகைப்படத்தில் இருந்து நார்மல் மேப் எடுத்து பிளெண்டரில் போட்டபோது இதழ்கள் விரலில் தட்டுப்படும்போல் புடைத்து நின்றன. அன்ரியலில் ஏற்றியதும் அத்தனை பூவும் குழியாகிவிட்டது, தச்சர் செதுக்கியதை யாரோ சாந்தில் பதித்து எடுத்ததுபோல். அந்தப் படத்தின் பச்சைச் சேனல்தான், அதாவது பச்சை நிறத்தின் அளவுதான், காரணம். ஓபன்ஜிஎல் வழியில் பச்சை மேல்நோக்கி, டைரக்ட்எக்ஸ் (டைரக்ட்3டி அதன் பகுதி) வழியில் கீழ்நோக்கி. பிளெண்டரும் யூனிட்டியும் முதல் வழி, அன்ரியல் இரண்டாவது வழி. பச்சையைத் தலைகீழாக்கினால் பூ மறுபடி பூக்கும். செங்கல் சுவரில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம், கதவில் முடியாது.

2024 ஜூன் 30, இரவு 8.40

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். மைதானத்தில் இருந்து கிழக்கே நடந்தால் கெடிலம் வலக்கைப் பக்கம், கிழக்குச் சுவரில் காலை வெயில், தேவனாம்பட்டினம் கரையில் ஒரு மீட்டர் "ழ" நேராக நிற்கிறது. ஃபைலின் முதல் வரியில் "கிழக்கு எக்ஸ், மேல் ஒய், வடக்கு மைனஸ் இசட், மீட்டர், வலக்கை" என்று தமிழிலேயே எழுதிவிட்டார். நெஞ்சு நிறைந்தது.

அடுத்து சாலையில் ஒரு பேருந்து ஓடவிடப் போகிறாராம். சக்கரம் எந்தப் பக்கம் உருள்கிறது என்று முதலில் பாருங்கள் தம்பி. பேருந்து முன்னே போய், சக்கரம் பின்னே சுற்றினால், 10-ஆம் தேதி எழுதியதை இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதுங்கள்.